நேரம் தவறாத அதிபர்

செய்னுலாப்தீன் சேருக்குத் தலைமைத்துவம் என்றால் ஒரு பூட்டும் சாவியும்தான். கற்பிட்டிப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக வந்த நாளிலிருந்து, காலை மணி அடித்த கையோடு கேட்டைத் தானே பூட்டிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோவார். வெளியே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போவார்கள், போகப்போக வருவதையே விட்டுவிடுவார்கள். "எங்கட ஸ்கூல்ல பிந்தி வாற புள்ளயே இல்ல" என்று வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் மனிதர் பீற்றிக்கொண்டார். அதைக் கேட்ட ருஷ்தா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய பத்தாம் தரத்தில் றிஷ்னா என்றொரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. சாதாரண தரப் பரீட்சை எழுதினால் நிச்சயம் பாஸ். இப்போது அந்தப் பிள்ளையும் கேட்டுக்கு வெளியேதான். ருஷ்தா கம்பி வழியே விசாரித்தாள்.

"விடியக்காலம சுபஹுத் தொழுகையோட உம்மாவோட வெங்காயத் தோட்டத்துக்குப் போறன் டீச்சர். புல்லுப் புடுங்கி முடிச்சிட்டு ஓடி வந்தாலும் நேரத்துக்கு வர ஏலாம ஈக்கி."

"யாருட தோட்டம்?"

றிஷ்னா தலையைக் குனிந்தாள். "அதிபர் சேர்ட."

சிரிப்பதா, காறித் துப்புவதா என்று ருஷ்தாவுக்குத் தெரியவில்லை. விடிந்ததும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறவர்தான் அவர். வரப்பில் நின்று குனிந்த முதுகுகளைப் பார்ப்பாரே தவிர, முகத்தைப் பார்த்தால்தானே!

நேரே அலுவலகத்துக்குப் போய்ப் போட்டுடைத்தாள்.

"அந்தப் புள்ள பிந்தி வாறது உங்கட தோட்டத்தாலதான் சேர். இப்படியே விட்டா படிப்ப விட்டுருவா. ஒரு வழி பண்ணுங்க."

கதிரையில் சாய்ந்திருந்தவரின் முகம் சற்றுக் கறுத்தது. "பாப்பம் டீச்சர்" என்றார். மனுசனுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கிறது போல என்று ருஷ்தா நம்பிவிட்டாள். அவளுடைய மடத்தனம்.

மறுநாள் கேட்டடியில் றிஷ்னா இல்லை. வகுப்பிலும் இல்லை. அதிபரே ருஷ்தாவைத் தேடி வந்தார், வாயெல்லாம் பல்லாக.

"நீங்க சொன்னதும் நான் அவட உம்மாவோட கதச்சன் டீச்சர். அந்தப் புள்ளைக்கு அந்தி வரைக்கும் தோட்டத்துல வேல போட்டுக் குடுத்துட்டன். இனிப் பாவம், அரக்கப்பரக்க ஓடி வரத் தேவயில்ல."

சொல்லிவிட்டு, அவள் நன்றி சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தார்.