மாமன் மடி

ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தரையில் வைத்து மரக்கட்டையால் ஓங்கிப் போட்டாள் செல்லத்தாய். அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்துக்கு இரண்டு போட்டிலேயே கட்டி பொடிப்பொடியாகிவிட்டது. நொறுங்கியதை அள்ளி ரப்பர் பையில் அடைத்து, துணியைச் சுற்றி, கட்டிலில் கிடந்த நல்லகாமனின் வலது முழங்காலில் வைத்தாள். ஐந்து வயதுப் பயல். முட்டி கொய்யாப்பழம் கணக்காக வீங்கியிருந்தது. பக்கத்தில் அவனுடைய அம்மா சோலையம்மாள், நாலு முனையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆவணி பதினாலு, அக்கா. நம்ம கோயில்ல வச்சுக் காதுகுத்து. நீயும் கட்டாயம் வரணும்."

எண்பத்திரண்டாம் வருசம் அது. சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் செல்லத்தாய்க்குப் பதினோரு வருட வேலை. சம்பளச் சீட்டில் மருத்துவ உதவியாளர் என்றிருக்கும்; வார்டில் எல்லோருக்கும் ஆயா. பிறவியிலேயே ரத்தக் கோளாறோடு வரும் பிள்ளைகள் அவள் பொறுப்பு. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய வெளிறிய பிள்ளைகள் உண்டு. நல்லகாமனைப் போல, ஒரு கீறல் பட்டாலும் ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இந்த இரண்டாவது நோய்க்கு டாக்டரம்மா ஹீமோபிலியா என்று பேர் சொல்வார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐஸ் வைக்க வேண்டும், காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், மிஞ்சிப் போனால் யாரிடமாவது புது ரத்தம் எடுத்து, அதில் தெளியும் மஞ்சள் நீரைப் பிள்ளைக்கு ஏற்ற வேண்டும். அது உள்ளே போனால் கொஞ்ச நாளைக்கு ரத்தம் உறையும். அப்புறம் பழைய கதைதான்.

இந்தச் சோலையம்மாளுக்கு அவள் எம்புட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! வீங்கின முட்டியில் எண்ணெய் போட்டு நீவாதே. சூடு போடாதே. கம்பவுண்டரிடம் இடுப்பில் ஊசி போடச் சொல்லாதே. ஆடுகிற பல்லைக்கூடப் பிடுங்காதே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டிவிட்டு, இன்றைக்குக் காதில் ஓட்டை போடப் பத்திரிகை கொண்டுவந்து நிற்கிறாள். செல்லத்தாய்க்கு அந்தப் பத்திரிகையை நாலாகக் கிழித்துப் போடலாம் போல் வந்தது.

"உனக்குப் புத்தி கித்தி இருக்காடி? நாக்கக் கடிச்சுக்கிட்டு வந்தப்ப அஞ்சு நாள் ரத்தம் நிக்கல. மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்காகத்தானே குத்துறோம்" என்றாள் சோலையம்மாள்.

பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. சோலையம்மாளுக்கு மூத்த அண்ணன் ஒருவன் இருந்தானாம். மூன்று வயதில் காது குத்தி, மூன்றாம் நாள் ரத்தம் ஒழுகியே செத்துப்போனானாம். கிடா நேர்ந்துவிட்டு வெட்டாமல் குத்தியதால் சாமி எடுத்துக்கொண்டது என்று குறி சொன்னார்களாம். அந்தக் குற்றம்தான் இப்போது தங்கச்சி மகன் உடம்பில் நிற்கிறதாம். முறைப்படி இரண்டு கிடா வெட்டி, மிச்சமிருக்கும் ஒரே தாய்மாமன் மடியில் வைத்துக் குத்திவிட்டால் ரத்தம் தன்னால் கட்டிக்கொள்ளுமாம்.

செல்லத்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா வழியாகத்தான் இந்த நோய் ஆண் பிள்ளைகளுக்கு வரும் என்று டாக்டரம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். மாமன் செத்த கதையே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளையைப் பலிகொடுக்கக் கிளம்பியிருக்கிறார்களே! டாக்டரம்மாவும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சோலையம்மாள் அதற்கும் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "எங்கண்ணன்ட்ட யாருக்கா சொல்றது? மைக்செட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு" என்றாள்.

"நான் வாரேன். நான் சொல்றேன்."

ஆவணி பதினாலாம் தேதி விடிந்ததும், மரத்தூள் நிரப்பிய சாக்குக்குள் ஒரு ஐஸ் கட்டியைப் பொதிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். செக்கானூரணியில் இறங்கி இரண்டு மைல் நடை. இடுப்புச் சேலை ஈரமாகி ஒட்டிக்கொண்டது. போகும்போதே ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைக்கட்டும். கம்மலை நூலில் கட்டித் தொங்கவிடட்டும். ஊசி மட்டும் வேண்டாம். சாமிக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் சேதமில்லை.

புளியமரத்தடியில் கோயில். பாய் விரித்து, மாமன் மொக்கைச்சாமி பட்டு வேட்டியில் சம்மணம் போட்டிருந்தார். மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய நல்லகாமன். ஒரு கையில் வெல்லக்கட்டி, மறு கையில் மாமனின் மீசை. மொட்டை போடும்போது கத்தி படவில்லையே என்று செல்லத்தாய் அவசரமாகத் தலையைத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, படவில்லை.

"அண்ணே, இவுகதான் ஆஸ்பத்திரி ஆயா" என்றாள் சோலையம்மாள். வார்டில் அக்கா; இங்கே ஆயா. அது செல்லத்தாய்க்கு உறைத்தது. வந்த வேலையைப் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

"வாங்கம்மா. எம்மாப்ள உங்க பேரச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வாய் நிறையச் சொன்னார் மொக்கைச்சாமி. கெட்ட மனுசன் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

அவள் தன் யோசனையைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நூல்ல கட்டித் தொங்கவிட எம்மருமகன் என்ன பொம்மையா? ஏம்மா, ஊசி குத்துனா ரத்தம் நிக்காதுங்கிற. நீங்க ஆஸ்பத்திரியில குத்துறது மட்டும் என்ன, பூவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். ஏற்றுகிற நீர்தான் ரத்தத்தை உறைய வைக்கும், ஊசியை எடுத்ததும் அவள் அரைமணி நேரம் அழுத்திப் பிடித்திருப்பாள். பதினோரு வருசமாகச் செய்கிற வேலை. ஆனால் அத்தனை முகங்களுக்கு நடுவே வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குளறியது.

"அப்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டாங்கய்யா. ரத்தம் ஏத்திட்டு, டாக்டரம்மாவ வச்சுக் குத்திக்கலாம்."

"சாமி டவுன் பஸ்ஸேறி வருமாக்கும்? ஆசாரி, நேரமாகுது."

ஆசாரி பெட்டியைத் திறந்து தங்கக் கம்பியை எடுத்தார். பயலின் காதில் சந்தனப் பொட்டு வைத்தார். நாலு பேர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். சோலையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நல்லகாமன் செல்லத்தாயைப் பார்த்து, வெல்லத்தை நீட்டி, "இந்தா" என்றான். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சத்தம்!

"பங்குனியில இவனுக்கு ஏத்துனது என்னோட ரத்தம்யா! அதத் தரையில ஊத்தவா மடியில வச்சிருக்கீக?"

யார் ரத்தம் யாருக்குப் போனது என்று வாயைத் திறக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் அவளே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. பங்குனியில் இதே பயல் வாய் நிறைய ரத்தத்தோடு கிடந்தபோது, கொடுக்க ஆள் கிடைக்காமல் அவள்தான் கையை நீட்டிப் படுத்தாள். ஐந்து மாதமாகப் பொத்தி வைத்திருந்ததை இப்போது போட்டு உடைத்தாயிற்று.

ஆசாரியின் கை நின்றது. மைக்செட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

மொக்கைச்சாமி மெதுவாகக் கேட்டார். "உனக்கு எந்தூரு?"

"திருமங்கலம் பக்கம்."

"ஊருக்குள்ளயா?"

அவர் கேட்பது சாதியை என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு மனமில்லை.

"இல்ல. காலனி."

அவர் கத்தவில்லை. வையவும் இல்லை. பயலின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கி, மடியிலிருந்து இறக்கிப் பாயில் உட்கார வைத்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசாரி கம்பியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"மாமா, குத்தலையா?" என்றான் நல்லகாமன். பட்டு வேட்டியைப் பிடித்து இழுத்தான். அவர் அவன் விரலை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"சோல, இனி இவன் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுனா நான் இவனுக்கு மாமன் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிடா கட்டியிருந்த பக்கம் நடந்தார்.

காது தப்பித்தது. வந்த காரியம் முடிந்தது. ஆனால் இனி முட்டி வீங்கினால்? திரும்பும் வழியெல்லாம் அவள் தன்னையே வைதுகொண்டு வந்தாள். எவ்வளவோ பேசத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம்தானா கிடைத்தது? இன்னொரு பக்கம், அவள் ரத்தம் உள்ளே ஓடுகிற பிள்ளையை மடியில் வைக்க ஆகாதா என்று வயிறு எரிந்தது. கொடுத்தபோது யாரும் ஊர் கேட்கவில்லையே! ஐஸ் சாக்கைச் செக்கானூரணி பஸ் நிறுத்தத்தில் போட்டு உதைத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை வருகிற பயல் வரவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. ஜன்னலோரக் கட்டிலில் வேறு பிள்ளைகள் படுத்து எழுந்து போனார்கள். வாசலில் யார் பிள்ளையைத் தூக்கி வந்தாலும் அவள் எட்டிப் பார்த்தாள். நொண்டி நொண்டி எங்கே விழுந்து கிடக்கிறானோ என்ற நினைப்பு வந்தால் கையில் கிடைத்த பேசினைத் தேய் தேயென்று தேய்த்தாள். "தேஞ்சு ஓட்டையாயிரும், ஆயா" என்றாள் நர்ஸ். "ஆகட்டும்" என்றாள் இவள்.

புரட்டாசி இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம், சோலையம்மாள் வந்தாள். தனியாக. கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி.

"பிள்ள எங்கடி?"

"வீட்ல. முட்டி வீங்கி ரெண்டு நாளாக் கத்துறான். கொஞ்சம் ஐசு குடுக்கா. நான் வச்சுக்கிறேன்."

"ஐசு வச்சா ஆச்சா? ரத்தம் ஏத்தணும்டி. கால் மடங்கிப் போயிரும்."

சோலையம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அண்ணன் புதங்கிழம சந்தைக்கு மாடு பிடிக்கப் போகுது. திரும்பி வர ரெண்டு நாளாகும். அன்னைக்குத் தூக்கிட்டு வந்துறேன்." பிறகு தூக்குவாளியின் பிடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "பங்குனியில குடுத்தியே. உனக்கு மறுபடி ஊறியிருக்குமாக்கா?"

செல்லத்தாய்க்கு ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அதெல்லாம் எப்பவோ ஊறிருச்சு. புதங்கிழம தப்புச்சுன்னா நானே வந்து தூக்கிட்டு வந்துருவேன், பாத்துக்க."

தூக்குவாளியின் அடியில் மரத்தூளைப் போட்டு, ஐஸை வைத்து, மேலேயும் அள்ளி அமுக்கி மூடினாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். வெயில் தீயாய் அடித்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிய சோலையம்மாள், தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள். பஸ் நகர்ந்தது. வாளியின் அடியிலிருந்து சொட்டு ஒன்று தாரில் விழுந்தது, சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. மரத்தூள் ஒட்டிய கையைக்கூடத் தட்டாமல் செல்லத்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சொட்டு விழுவதற்குள் முதல் சொட்டு காய்ந்துவிட்டிருந்தது.