இரண்டு பக்கமும் திருப்பிவிட்ட கடை

தம்பி என் முதுகுக்குப் பின்னால் தனிக்கடை போடுகிறான் என்று எனக்கு ஒரு வாரமாகவே சந்தேகம். நான் கிட்டே போனால் லேப்டாப்பை மூடுவான். போன் வந்தால் வாசலுக்கு நழுவுவான். ஜன்னல் அளவெடுக்க அவன் வெளியே போன நேரம் பார்த்து, எங்கள் திரைச்சீலைக் கடையின் வெப்சைட்டுக்குள் நுழைந்தேன். கடை முகவரிக்கு முன்னால் இன்னொரு சொல்லை ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு சப்டொமைன் முளைத்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு பேருக்கும் பொதுவான பாஸ்வேர்டை அந்தக் கணமே மாற்றினேன். ஆத்திரத்தில் வாயில் வந்த வார்த்தையையே போட்டேன்.

சற்று நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். கடைப் பக்கம் திறக்கவே இல்லையாம், சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். அடுத்தடுத்து இன்னும் சிலர். ஊர்ப்பட்ட விளம்பரம் கொடுத்த தள்ளுபடி விற்பனை அன்றுதான். வருகிறவர்களை அவன் தன் பக்கம் மடக்குகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கூடப்பிறந்தவனே குழி பறிக்கிறான் என்று கொதித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அளவு நாடா கழுத்தில் தொங்க, மூச்சிரைக்க ஓடிவந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவன் மழுப்பவில்லை. பழைய பக்கம் தள்ளுபடிக் கூட்டத்தைத் தாங்காது என்று, நம் கடையையே புதிய முகவரியில் கட்டியிருக்கிறான். ஓடுகிற வண்டியை ஏன் நோண்டுகிறாய் என்று நான் கத்துவேனாம், அதனால் சொல்லவில்லையாம். பாதி கட்டிய கடையை யாரும் பார்க்கக் கூடாதென்று, புதிய முகவரிக்கு வருகிறவர்களைப் பழையதற்கே திருப்பிவிட்டிருந்தான். இன்று போனிலிருந்தே பழையதைப் புதியதற்குத் திருப்பினான். முதலில் போட்ட திருப்பலை எடுக்கப் போனால், பாஸ்வேர்ட் தப்பென்று வெளியே தள்ளிவிட்டது.

"அது இங்க தள்ளுது, இது அங்க தள்ளுது. ஆளுங்க நடுவுல சுத்துறாங்க," என்றான். "எவனோ உள்ள புகுந்து பாஸ்வேர்ட மாத்திட்டான்க்கா."

"நான்தான் மாத்தினேன்."

அவன் காரணம் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாஸ்வேர்டை நானே அடிக்கிறேன் என்று கீபோர்டு பக்கம் குனிந்தேன். அவன் கையை எடுக்கவில்லை.

"சொல்லுக்கா. ஆளுங்க காத்திருக்காங்க."

"துரோகி," என்றேன்.

அவன் விரல் நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். முதலில் போட்ட திருப்பலை நீக்கினான். கடை திறந்தது, ஆர்டர் மணி அடித்தது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. பாஸ்வேர்ட் மாற்றும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தான். நாற்காலியை என் பக்கம் தள்ளினான். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான்.

"புதுசு போட்டுக்கோக்கா," என்றான். "நான் பாக்கல."