லேமினேஷன் செய்த கிரெடிட் கார்டு

பேராசிரியர் பாலகோபால் மஞ்சள் துணிப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் கிரெடிட் கார்டை மேஜைமேல் வைத்தார். தேர்வு நடத்தத் திருச்சியிலிருந்து வந்திருந்த கோவிந்தராஜுலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கார்டு லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

"அழுக்காயிருமுங்களே" என்றார் பாலகோபால்.

1999ஆம் வருஷம். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் இணையப் பொருளாதாரம் என்ற முதுகலைப் படிப்பின் தலைவராயிருந்த பாலகோபால், இரண்டு வருஷமாக வகுப்பில் ரூபாய் நோட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். முதல் செமஸ்டரில் பேங்க் ஒழிந்தது; இரண்டாவதில் கடைவீதி. அன்னூர்ச் சந்தையில் எருமை வாங்குகிறவன்கூட இனிக் கம்ப்யூட்டரில்தான் காசு கொடுப்பான் என்று அவர் முழங்கியபோது, "எருமை மோடத்துல வருமுங்களா சார்?" என்று கேட்ட மாணவன் ஜெரோம் அன்று முழுவதும் வராந்தாவில் நின்றான்.

கார்டு வந்த நாளே மருதமலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார். பிறகுதான் லேமினேஷன். வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டுவார். யார் கையிலும் தரமாட்டார். கடைக்காரர் கையிலும்தான்.

இன்று தந்தாக வேண்டும். அமெரிக்க இணையக் கடையில் புத்தகம் ஒன்று வாங்கி, ஆர்டரை ஏற்றுக்கொண்டோம் என்ற பக்கத்தைத் திரையில் காட்டுவதுதான் மாணவி ரூபினாவுக்குச் செய்முறைத் தேர்வு. கேள்வியை எழுதியவர் பாலகோபால். பாஸானால் பெங்களூரில் வேலை காத்திருந்தது. இல்லாவிட்டால், "மாமி ஊட்டுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்று அவளைப் பெற்ற அத்தா ஜபருல்லா முடிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பார்த்திருந்த மாமி மகனுக்கு உலகத்தில் பேசுவதற்கு இருந்த ஒரே விஷயம் அவன் பைக்கின் மைலேஜ்.

மோடம் கிறீச்சிட்டு ஒருவழியாக இணைய லைன் கிடைத்தது. ரூபினா எண்களைத் தட்டத் தொடங்கி, பாதியில் நின்றாள். லேமினேஷன் சூட்டில் கார்டின் எண்கள் மழுங்கியிருந்தன.

"இது மூணுங்களா சார், எட்டுங்களா?"

"நல்லாப் பாரு கண்ணு."

"உங்களுக்கு நெனப்பில்லீங்களா?"

"அத எதுக்கு நான் நெனப்பு வெக்கோணும்? கார்டுதான் கையில இருக்குதே."

ரூபினா எண்களைத் தாளில் எழுதி, கார்டு எண்ணைச் சரிபார்க்கும் முறைப்படி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்துக் கூட்டினாள். "எட்டுத்தானுங்க. மூணுன்னா கணக்கு ஒதைக்குது. போன செமஸ்டர் நீங்க நடத்துனதுதானுங்க சார்."

அப்படியா என்று கேட்க வாயெடுத்தவர், கோவிந்தராஜுலுவைப் பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றார்.

கடைசிப் பக்கம் வந்தது. புத்தகம், தபால் செலவு, மொத்த டாலர். கீழே ஒரு பொத்தான். ரூபினா மவுஸை நகர்த்தினாள்.

"அம்மணி, இரு இரு! இத அமுக்குனா நெசமாலுமே காசு போயிருமா?"

"போயிருமுங்க சார்."

"என்ற காசா?"

"உங்க கார்டுதானுங்களே."

"அவன் ஆருன்னே தெரியாதே! எந்தூர்ல போய்க் கேக்கறது?"

கோவிந்தராஜுலு கேள்வித்தாளைத் திருப்பிக் காட்டினார். "சார், கேள்வி உங்களுதுதானே?"

"எழுதறது வேறைங்களே. அமுக்குன மாதிரி வெச்சுக்கிட்டு மார்க்கைப் போட்டுருங்க. புள்ள நல்லாப் படிக்கற புள்ள."

"பக்கம் வரணும். வரலேன்னா பெயில்தாம்மா" என்றார் கோவிந்தராஜுலு, ரூபினாவைப் பார்த்து.

ரூபினா பாலகோபாலிடம் கெஞ்சினாள். "புஸ்தகத்த நீங்களே வெச்சுக்குங்க சார்."

"எனக்கெதுக்குப் புஸ்தகம்?"

இதைச் சொல்லிவிட்ட பாலகோபால், கோவிந்தராஜுலு தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதை உணர்ந்து, விளக்கம் சொல்ல அவர் பக்கம் திரும்பினார். மவுஸ் 'டிக்'கென்றது.

திரை வெளுத்தது. அதன் நடுவே, காத்திருக்கச் சொல்லும் சின்ன மணற்கடிகாரம் ஒன்று தோன்றித் தலைகீழாகக் கவிழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. ரூபினா உதட்டை அசைத்து ஏதோ ஓதினாள். பாலகோபால், கார்டு மேஜைமேல் கிடக்க, தன் சட்டைப் பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றார்.