பிஞ்சு உதிர்க்கும் மருந்து

ஓரகத்தியின் தோட்டத்தில் ஆப்பிள் பெரிதாகக் காய்த்தால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பாகம் பிரித்தபோது இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே வயது மரங்கள். போன வருஷம் வியாபாரி என் பழங்களை ஜூஸுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அவளுடையதை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினான். "சின்னவளுக்குக் கைராசி," என்றார் மாமியார். கைராசியாவது மண்ணாவது! எல்லாம் பிஞ்சு உதிர்க்கும் ஹார்மோன் மருந்து. பாதிப் பிஞ்சு கொட்டினால் மிச்சம் பெரிதாகும்.

"இந்தத் தடவையும் ஜூஸுக்குப் போச்சுன்னா மரத்தையெல்லாம் வெட்டிட்டு நான் வேலைக்குப் போறேன்," என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

நானும் அந்த மருந்தை வாங்கினேன். கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "அரை நாள் இலையில நின்னுட்டா போதும்மா, அப்புறம் மழை வந்தாலும் வேலை செய்யும். பயந்துகிட்டு ரெண்டாந்தரம் அடிச்சிடாதீங்க, மரம் மொட்டையாயிடும்."

அவளை முந்த வேண்டுமே! விடிந்ததும் விடியாததுமாக அடித்து முடித்தேன். மகாராணி சாயங்காலம்தான் ஸ்பிரேயரைத் தூக்கினாள். கடைசி மரத்தை அவள் முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஜன்னலில் நின்று சிரித்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

மழை விட்டு வெயில் வந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் மறுபடி ஸ்பிரேயர் சத்தம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவளோடது கழுவிட்டுப் போயிடுச்சு, அடிக்கிறா. நம்மளது முன்னாடியே ஊறிடுச்சே, நீ எதுக்கு மருந்து கலக்குற?" என்றார் வீட்டுக்காரர்.

"அவளுக்கு ரெண்டு தரம், எனக்கு ஒரு தரமா? தம்பி பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாதீங்க."

அடித்தேன். அவளைவிட ஒரு டேங்க் கூடவே அடித்தேன்.

பிறகு உதிர்ந்தது பாருங்கள், மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. அறுவடைக்கு வந்த வியாபாரி கேட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்காரர் நேரே கடைத்தெருவுக்குப் போனார். ரம்பத்தை வாங்கி வந்தார்.

தப்பிய நாலைந்து பழங்களைப் பறிக்கலாம் என்று நான் மரத்தடிக்குப் போனபோது ஓரகத்தி வந்தாள். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருப்பாள். கிளையில் தொங்கிய ஒரு பழத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கைக்குள் அடங்காத பழம். மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"எங்க மரத்துல ஒண்ணுகூட இப்படி இல்லையேக்கா." அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக என் முகத்தில் இருந்ததுதானே அது!

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

தோட்டத்தின் அந்தக் கோடியில் வீட்டுக்காரர் முதல் மரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டார்.

"என்ன மருந்துக்கா அடிச்சீங்க? சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.