நாற்பது பேர், இரண்டு மணிக்கு வெட்டு

பொலிஸாரைக் குறை சொல்ல முடியாது என்று பேராசிரியர் பிறகு சொன்னார். முடியும் என்றாள் அவருடைய ஆய்வு மாணவி இராஜகுமாரி.

இரண்டாயிரத்து ஏழு, இலங்கையில் போர்க்காலம். கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. முச்சக்கர வண்டியில் இருந்த இராஜகுமாரியின் மடியில் வெண்புகை கக்கும் குடுவை, பையில் ஊசிகள், அடையாள அட்டையில் கலஹா தேயிலைத் தோட்டத்து முகவரி. போதாததற்குக் குறிப்புப் புத்தகத்தில் அவள் கையெழுத்து: ‘40 பேர். 8 மணி தீனி, ஊசி. 2 மணி வெட்டு.’

குடுவையில் இருந்தது ஈரலை உறைய வைக்கும் திரவ நைதரசன். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் கெஞ்சி வாங்கியது. நாற்பது பேரும் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத் தொட்டியில் ஒரு வாரம் பட்டினி கிடந்த திலாப்பியா மீன்கள். ஈரலில் சீனியைக் கையாளும் மரபணு ஒன்று பட்டினியில் உறங்கும், சாப்பிட்டால் விழிக்கும். அதை எழுப்புவது சாப்பாடா, சாப்பாட்டோடு சுரக்கும் இன்சுலினா? இந்தக் கேள்வி இரண்டு வருடமாக அவள் தலையைத் தின்றுகொண்டிருந்தது. அதனால்தான் காலை எட்டு மணிக்குப் பாதிக்குத் தீனி, மீதிக்கு இன்சுலின் ஊசி மட்டும் கொடுத்துவிட்டு நைதரசன் வாங்கக் கிளம்பியிருந்தாள். ஆறு மணித்தியாலத்தில் ஈரலை எடுத்தாக வேண்டும். தவறினால் ஆய்வும் போச்சு, அந்த வாரத்தோடு முடியும் ஆய்வேட்டுத் தவணையும் போச்சு.

அவளைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் கண்டி டவுன்காரரான சேதுராமன் ஒருவர்தான். அவர் புத்தகத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“நாப்பது பேரை எங்க வெட்டப் போறீங்க?”

“தொட்டியில, சேர். மீனுங்க.”

“மீனை யாராவது பேர்னு எழுதுவாங்களா?”

எழுதுவாள். தோட்டத்தில் விடியக்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் இத்தனை பேர் என்று எண்ணும் கங்காணியின் மகள் அவள். எண்ணத் தொடங்கினால் வாயிலும் பேனையிலும் ‘பேர்’தான் வரும்.

ஒரு மணியானது. காலையிலிருந்து ஒரு தேத்தண்ணிகூட இல்லை. பொறுப்பதிகாரி சிங்களத்தில் ஒரு வழி சொன்னார்: பக்கத்தைக் கிழித்துவிட்டு ‘மீன்’ என்று திருத்தி எழுதினால் உடனே போகலாம். சேதுராமன் மொழிபெயர்த்துவிட்டு, எழுதிட்டுப் போயிருங்க தங்கச்சி என்று தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார்.

ஆய்வுப் புத்தகத்தில் பக்கம் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது. ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல.

“எங்க ஆளுகள இத்தனை வருஷமா தோட்டத்துரைங்க மாடு மாதிரி தலைன்னு எண்ணுனாங்க. அப்ப யாரும் திருத்தச் சொல்லல. நான் மீனைப் பேர்னு எண்ணுனா மட்டும் குத்தமா? கிழிக்க மாட்டேன். சந்தேகம்னா வந்து எண்ணிப் பாருங்க.”

சேதுராமன் அதைச் சிங்களத்தில் சொல்ல நிறைய நேரம் எடுத்தார். எதைச் சொன்னார், எதை விழுங்கினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். பொறுப்பதிகாரி ஜீப் சாவியை எடுத்தார்.

இரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஆய்வுகூடத்தில் அவள் கையுறை மாட்டினாள். கத்தி சரியாக இரண்டுக்கு இறங்கியது. ஒவ்வொரு ஈரலும் புகைக்குள் விழ விழ, சேதுராமன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினார். பொறுப்பதிகாரி மூக்கைப் பொத்தியபடி கதவடியில் நின்றார்.

கடைசி ஈரலும் உறைந்ததும் புத்தகத்தைச் சேதுராமன் முன் விரித்துப் பேனையை நீட்டினாள்.

“எண்ணுனவரு எழுதிக் கையெழுத்துப் போடணும், சேர்.”

சேதுராமன் கதவடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தமிழில் எழுதினார்: ‘40 பேர். சரி.’