யாருக்கும் கேட்காத சேனல்

தம்பி டெல்மர் ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவன் என்பதில் வெர்னாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சம்பளமில்லாத வேலை. சைரன் ஊதினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற கூட்டம் அது. ஓடினவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் வயர்லெஸ் பேச்சைப் பிடித்துக் கேட்கும் ஸ்கேனரே வாங்கினாள். வண்டிகளை அனுப்பும் மாவட்டச் சேனல் சுலபமாகச் சிக்கிவிட்டது. ஆனால் அதில் "கிளம்பியாச்சு, வந்தாச்சு" என்பதோடு சரி. தங்களுக்குள் பேசிக்கொள்ள இவர்கள் வைத்திருக்கும் சேனல் எதுவென்று கேட்டால் டெல்மர் மழுப்பினான்.

"அது உனக்கெதுக்குக்கா? நாங்க பேசுற கெட்ட வார்த்தைக்கு உன் காது அழுகிடும். பக்கத்து வண்டியைத் தாண்டி யாருக்கும் கேட்காது அது."

சொல்லாவிட்டால் போயேன் என்று அவளே தேட ஆரம்பித்தாள்.

அன்று பக்கத்து ஊர்த் தீயணைப்புத் திருவிழா. வண்டிகளைத் துடைத்து மினுக்கி ஊர்வலத்தில் விட்டு, கோப்பை வாங்கி வருவது அந்தப் பக்கத்துக் குழுக்களுக்குப் பிடித்த பைத்தியம். வெர்னா போகவில்லை. மறுநாள் விற்கப்போகும் சுட்ட கோழிக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். விற்று வருவது தண்ணீர் வண்டியின் புதுப் பம்புக்கு. மேட்டுப் பண்ணைகளுக்கு அந்த வண்டி சுமந்து வரும் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. போன வருடம் அவள் கொட்டகை பற்றி எரிந்தபோது பம்பு மக்கர் செய்து வண்டி தாமதமாக வந்தது. உள்ளே கட்டியிருந்த குதிரை ரோஸி வெந்து செத்தது. இன்னொருத்திக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இத்தனை பாடும்.

ஸ்கேனர் அலைவரிசைகளைத் துழாவிக்கொண்டே போனது. புல்வெட்டும் ஆள் ஒருவன் முதலாளியைத் திட்டினான். தள்ளிவிட்டாள். மறுபடி நின்றது. தண்ணீர் வண்டி ஓட்டும் கர்ட்டின் குரல், அவள் வீடு மேட்டில் இருந்ததாலோ என்னவோ, பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது.

"தலைவரே, தண்ணி வண்டியையும் ஊர்வலத்துக்கு இழுத்துட்டு வந்துட்டோமே, ஊர்ல எங்கயாச்சும் பத்திக்கிட்டா?"

"வாயக் கழுவுடா," என்றது டெல்மரின் குரல்.

"இல்ல, போன வருஷமும் இப்படி ஊர்வலத்துல நின்னப்பதானே உங்கக்கா கொட்டகை எரிஞ்சுது."

"அதை ஏன் இப்ப கிளறுற?"

"அக்கா இன்னும் பம்பு கெட்டுப்போச்சுன்னுதான் நம்புதா?"

"நம்பட்டும். நிஜத்தைச் சொன்னா என் மூஞ்சியில முழிப்பாளா?"

"விடுங்க. கோழி வித்துப் புது பம்பே வாங்கிக் குடுக்கப்போகுது!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தொட்டில் காலத்திலிருந்து தெரியும்.

"அடப்பாவி!" என்று அவள் ஸ்கேனரைப் பார்த்துக் கத்தினாள். அது கேட்பதற்கான கருவி, பேசுவதற்கானது அல்ல. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். எரிந்ததுகூட விதி என்று விட்டுவிடலாம். ரோஸிக்குக் குழி வெட்டிவிட்டு அவள் தோளில் சாய்ந்து இவன் தேம்பினானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

சாயங்காலம் டெல்மர் கோப்பையோடு வாசலில் வந்து நின்றான்.

"முதல் பரிசுக்கா! எங்க, கோழியெல்லாம் ரெடியா?"

"தண்ணி வண்டியும் ஊர்வலத்துக்கு வந்துச்சா?"

"சேச்சே, அந்தப் பம்பை நம்பி எங்க எடுக்கிறது? ஸ்டேஷன்லதான் நிக்குது."

"கர்ட்டு ஓட்டினது வேற வண்டியா?"

அவன் கண் அவளைத் தாண்டி, சமையலறை மேசைமேல் இருந்த ஸ்கேனருக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நான் வேணும்னு செய்யல..."

"தெரியும். வண்டியை எடுத்துட்டுப் போனது புத்திகெட்டு. அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டுட்டு மன்னிச்சிருப்பேன். ஆனா குழிப்பக்கத்துல நீ அழுதப்ப, 'மெஷின் கெட்டா நீ என்னடா பண்ணுவே'ன்னு நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். என் குதிரை செத்ததுக்கு, டெல்மர், உனக்கு நான் ஆறுதல் சொன்னேன்."

அவன் கை நீட்டினான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.