ஆமைக்கதவு

கிழக்கு வெளுக்கும்போது வலையை இழுக்கத் தொடங்கினோம். கயிறு சுற்றும் வின்ச் எந்திரம் முனகியது. உப்பேறிய கயிறு உள்ளங்கையை அரம்போல ராவியது. வழக்கத்தைவிடக் கனம்.

"கடலையே கட்டி இழுக்குறோமா?" என்றான் வின்ச்காரன்.

மீன் சேரும் பையான வலையின் மடி தண்ணீருக்கு மேலே வந்ததும் தெரிந்தது. இறால் கொஞ்சம், மீதியெல்லாம் ஆமை. மூச்சுவிட மேலே வர வழியின்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன.

ஆமை தப்பிக்க வலையில் ஒரு கதவு உண்டு. வைக்கச் சொன்னது சட்டம். தைத்து மூடச் சொன்னது படகு முதலாளி, அந்த வழியாக நாலு இறால் போய்விடுகிறதாம். சோதனை வரும் நாளில் தையலைப் பிரிப்போம். அதிகாரி தலை மறைந்ததும் மறுபடி தைப்போம். ஊசித்துளை விழுந்த வலை அவர் கண்ணில் மட்டும் பட்டதில்லை.

எங்கள் வலைக்காரரை 'ஊசி' என்போம். வாயும் அப்படித்தான். கதவை அவர் இற்றுப்போன நூலால்தான் தைப்பார். ஆமை முட்டினால் தையல் விட்டுவிடும். ஆமையும் பிழைக்கும், வலையும் பிழைக்கும். முதலாளியின் எல்லாப் படகிலும் இதுதான் நடந்தது, யாரும் வெளியே சொன்னதில்லை. இந்த முறை முதலாளியே வந்து தையலை இழுத்துப் பார்த்தார். நூல் கையோடு வந்தது. பக்கத்திலேயே நின்று நைலானில் ரெட்டைத் தையல் போடவைத்துவிட்டுத்தான் போனார்.

மடி தளத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தபோது கனம் தாங்காமல் கம்பிவடம் அறுந்தது. அறுந்த நுனி சாட்டைபோலத் திரும்பி வின்ச்காரனின் வலது கையைச் சிதைத்தது. அவன் ஊசியின் மனைவிக்குத் தம்பி. கரை சேரும்வரை மச்சானின் தலையை ஊசி தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு முதலாளியின் அலுவலகத்துக்குப் போனோம். வெளிச்சுவரில் ஒரு ஆமை சிரித்துக்கொண்டிருந்தது, பெயிண்ட் ஆமை. முதலாளி கடல் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். வருஷத்துக்கொரு முறை வெள்ளை ஷூ போட்டு வந்து, கேமரா பார்க்க ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் குனிந்து எடுப்பார். குனிந்ததற்கு மாலை விழும்.

"வலை கிழிஞ்சிருச்சா?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

"வலைக்கு ஒண்ணுமில்ல முதலாளி. ரெட்டைத் தையலாச்சே. அவன் கையைத்தான் எடுக்கணும்ங்கறாங்க" என்றார் ஊசி.

"பாவம். விபத்துன்னா என்ன செய்யறது. செத்த ஆமையெல்லாம் கடல்ல தள்ளிட்டீங்கல்ல?"

"இல்ல. தளத்துலதான் கெடக்கு."

முதலாளியின் முகம் மாறியது. "அறிவிருக்கா? யாராவது பார்த்தா யாரு மாட்டுவா? தைச்சது உன் கை. உள்ள போறது நீதான். புது வடம் வருது. மத்தியானம் கெளம்புங்க. ஆமைய மூட்டை கட்டி நடுக்கடல்ல கொட்டிருங்க. கதவு தைச்சபடியே இருக்கட்டும்."

"கதவைப் பிரிச்சாத்தான் படகு எடுப்பேன்" என்றார் எங்கள் டிரைவர்.

"நீ இல்லாட்டி கடல் வத்திருமா? ஓட்டறதுக்கு ஆயிரம் பேர் வருவான்."

முதலாளி எங்களோடு துறைக்கே வந்து, பக்கத்துப் படகின் வலைக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இங்க வா. இவன் வேலையும் இனி நீதான் பாரு."

அவன் வந்தான். எங்கள் வலையருகே உட்கார்ந்து கத்தியை எடுத்து நைலான் தையலை ஒவ்வொன்றாக அறுத்தான்.

"என்னடா பண்றே?" என்றார் முதலாளி.

அவன் ஊசியைப் பார்த்துத்தான் பேசினான். "என் படகுலயும் பக்கத்துல நின்னு நைலான்தாண்ணே போட வச்சாரு. அடுத்தது எங்க ஆளு கைதான். ஒருத்தன் தைச்சான்னாத்தான் புடிச்சு உள்ள போடுவாங்க. நாங்க எல்லாருமே தைச்சோம், தைக்கச் சொன்னது இவருன்னு சேர்ந்து போய்ச் சொன்னா?"

"சொன்னா எல்லாரையும் சேர்த்துப் போடுவாங்க" என்றார் ஊசி.

"போடட்டும். அப்புறம் வலையை யாரு, இவரா தைப்பாரு?"

ஊசி அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேலையப் பாருங்கய்யா. நான் கடலுக்காக எவ்வளவு செய்யறேன் தெரியுமா?" என்றார் முதலாளி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அவர் காருக்குப் போய்விட்டார்.

மற்றப் படகுகளிலும் கத்திகள் வெளியே வந்தன. அறுத்த நைலானையெல்லாம் ஒரு கூடையில் போட்டோம். அதிகாரி கேட்பாரா, கதவைச் சாத்துவாரா, நாளைக்கு யாருக்கு வேலை இருக்கும், எதுவும் தெரியாது. இருக்கிறதிலேயே பெரிய ஆமையை அந்த அதிகாரியின் வாசலில் வைப்பதென்று முடிவாயிற்று.

அதைத் தூக்க எங்கள் படகு ஆட்கள் போதவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். வழுக்கும் ஓடு, வாடை, சாலையில் சொட்டும் தண்ணீர். பின்னால் முதலாளியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

ஊசி திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க கனமா இருக்கு. அவரைச் சுத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."